உயிர்தரும் குருதியும் உடலில் தேங்கும் இரும்பும்

தலசீமியா ஒரு மரபுவழி நோய். பெற்றோர் இருவரும் இந்நோய்க்குரிய மரபணுவைத் தாங்கியிருப்பின், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை கடும் நோயுடன் பிறப்பதற்கு 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அக்குழந்தையின் உடலில் போதிய ஹீமோகுளோபின் உருவாவதில்லை. ஆகவே, இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை பிறரது குருதியை ஏற்ற வேண்டியுள்ளது.

உயிர்காக்கும் அக்குருதியுடன் இரும்பும் உடலுக்குள் வருகிறது. ஓர் அலகுக் குருதியில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. மாதம் ஓர் அலகு பெறுபவருக்கு ஓராண்டில் 2.4 முதல் 3 கிராம் இரும்பு சேரும். நலமான பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. அதனால் அது கல்லீரல், இதயம், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் படிந்து செல்களைச் சிதைக்கிறது.

இப்படிவால் முதலில் தாக்குறும் சுரப்பிகளுள் ஒன்று மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி. பயற்றளவே உள்ள இச்சுரப்பிதான் இனப்பெருக்கச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. அத்தூண்டல் குன்றினால் பருவமடைதல் தள்ளிப்போகும், உயரமும் குறையும். தைராய்டு பாதிக்கப்பட்டால் சோர்வும் மந்தமும் தோன்றும். பாராதைராய்டு பாதிக்கப்பட்டால் குருதியில் கால்சியம் குறைந்து தசைகள் இழுத்துக்கொள்ளும். கணையத்தில் இன்சுலின் சுரப்பது குறைந்தால் நீரிழிவு உண்டாகும்.

இம்மாற்றங்கள் ஓசையின்றி வருபவை. உடன் பயில்வோர் வளர்ந்துகொண்டிருக்க, தான் மட்டும் சிறுவனாகவோ சிறுமியாகவோ நின்றுவிட்டதாக உணரும் பிள்ளையின் துயரம் எந்த ஆய்வறிக்கையிலும் பதிவாவதில்லை. உயரக் குறைவைச் சோம்பலின் விளைவென்றும், உணவுக் குறைவென்றும் பிறர் கருதிவிடுவதும் உண்டு. உண்மையில் அது சுரப்பியின் குறையே அன்றிப் பிள்ளையின் குற்றமன்று.

இவற்றைப் பெருமளவு தடுக்க இயலும். குருதியேற்றம் 10 முதல் 20 முறை நடைபெற்றதும் இரும்பகற்றும் மருந்து தொடங்கப்படுகிறது. டெஃபராக்சமின் மருந்தைத் தோலுக்கடியில் சிறு கருவிகொண்டு பல மணிநேரம் மெல்லச் செலுத்துவர். டெஃபராசிராக்ஸ், டெஃபெரிப்ரோன் ஆகியன வாய்வழி உட்கொள்பவை. வளரிளம் பருவத்தினர் சலிப்புற்று மருந்தை நிறுத்திவிடும்போது இரும்பு மீண்டும் தேங்கத் தொடங்குகிறது. எனவே, ஃபெரிட்டின் அளவைத் தவறாது கண்காணிப்பதும் இன்றியமையாதது.

உயரமும் எடையும் தொடர்ந்து அளக்கப்பட வேண்டும். ஏறத்தாழ 10 வயது முதல் தைராய்டு, கால்சியம், சர்க்கரை ஆகியவற்றின் அளவுகளை ஆண்டுதோறும் ஆய்தல் வேண்டும். பெண்களுக்கு 13 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் பருவ மாற்றங்கள் தொடங்காவிடின் மருத்துவரை நாடுதல் நன்று. குறையும் ஹார்மோனை மருந்தாக அளித்து வளர்ச்சியை மீட்க வழியுண்டு. காலத்தே அறிந்தால், குருதியால் காக்கப்பட்ட உயிர் முழுமையான வாழ்வையும் பெறும்.