உனக்குத் தங்கம் கிடைத்து எத்தனை வருஷம், பாய்?

துபாய் அறையில் தொடங்கிய ஆக்கிச் சண்டை; மணவாள நகரில் இன்னும் ஓயவில்லை!

திருவள்ளூரை அடுத்தது மணவாள நகர். சுற்று வட்டாரத்தில் தொழிற்சாலைகள். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களும், ஷிப்டுக்குப் போகிறவர்களும் டீக்கடையில் சந்தித்துக்கொள்கிற ஊர்.

அப்படி ஒரு டீக்கடையில்தான் அவரைப் பார்த்தேன். வயது 50-ஐத் தாண்டிவிட்டது. வெல்டர் வேலை. காதில் செல்போனை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டு இருந்தார். பாதி இந்தி, பாதி தமிழ்.

"1984-க்குப் பிறகு ஆக்கியில் நீ என்ன கிழித்தாய், பாய்?"

மறுமுனையில் இருந்து ஏதோ பதில் வந்தது. இவர் முகம் சிவந்தது.

"மாஸ்கோவைப் பற்றிப் பேசாதே! அதை மட்டும் பேசாதே!"

பேச்சு முடிந்தது. "யாருடன் சண்டை?" என்று கேட்டேன்.

"சண்டையா? சிநேகிதன், சார். பாகிஸ்தான்காரன். 18 வருஷம் ஒரே அறையில் இருந்தோம்" என்றார்.

உட்கார்ந்து கதையைக் கேட்டேன். டீ ஆறிப்போய்விட்டது. "பெயரைப் போடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். போடவில்லை.

கோவில்பட்டியும் கோஜ்ராவும்

அவருக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பெயர்போன அந்த ஊர், ஆக்கிக்கும் பெயர்போனது. மட்டை வாங்கக் காசு இல்லாத பையன்கள், வளைந்த கொம்பை வெட்டிக்கொண்டு ஆடுவார்கள். இவரும் அப்படி ஆடியவர்தான். தகப்பனாருக்குத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பம் மணவாள நகருக்கு வந்தது.

1995-ல் துபாய் போனார். கேம்ப்பில் ஓர் அறைக்கு 8 பேர். கீழ்க்கட்டில் இவருக்கு. மேல்கட்டிலில் ஒரு பாகிஸ்தான்காரர். அவருக்குப் பஞ்சாபில் கோஜ்ரா பக்கம் ஊர். நமக்குக் கோவில்பட்டி எப்படியோ, அவர்களுக்குக் கோஜ்ரா அப்படி. ஆக்கி வீரர்கள் பலர் அங்கே இருந்துதான் வந்தார்கள்.

முதல் நாள் ஊரை விசாரித்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் சண்டை தொடங்கிவிட்டது!

"ஒலிம்பிக்கில் எங்களுக்கு 8 தங்கம். உங்களுக்கு 3 தானே?" என்றார் இவர்.

"உலகக் கோப்பை எங்களுக்கு 4. உங்களுக்கு ஒன்றுதானே?" என்றார் அவர்.

இரண்டு கணக்கும் சரிதான். இந்தியா 1928 முதல் 1956 வரை தொடர்ந்து 6 தங்கம் வாங்கியது. அப்புறம் 1964, 1980. உலகக் கோப்பை 1975-ல் ஒரே ஒரு முறை. அதுவும் கோலாலம்பூரில் பாகிஸ்தானையே 2-1 என்று வீழ்த்தி வாங்கியது. பாகிஸ்தானுக்கு 1960, 1968, 1984-ல் தங்கம். 1971, 1978, 1982, 1994-ல் உலகக் கோப்பை.

மேல்கட்டில்காரர் லேசுப்பட்டவர் அல்ல. "1928, 1932, 1936 இந்த மூன்றும் தேசம் பிரியும் முன்பு வாங்கியவை. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு" என்று ஒரு புது வழக்கைப் போட்டார். அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார். 1936-ல் இந்தியாவுக்கு ஆடித் தங்கம் வாங்கிய தாரா, 1948-ல் பாகிஸ்தான் அணிக்குத் தலைவர்!

பாகப்பிரிவினை வழக்கு என்றைக்கு முடிந்திருக்கிறது?

மாஸ்கோ தங்கம்

"பழைய கதை வேண்டாம். கடைசியாக எப்போது ஜெயித்தாய்?" இதுதான் இருவரும் ஒருவரை ஒருவர் குத்துகிற ஊசி.

இந்தியாவின் கடைசித் தங்கம் 1980, மாஸ்கோ. இறுதிப்போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்றோம். அணித்தலைவர் நம் சென்னை வாசுதேவன் பாஸ்கரன். தமிழன் தலைமையில் வந்த தங்கம் என்று இவருக்குப் பெருமை தாங்காது.

மேல்கட்டிலில் இருந்து குரல் வரும். "நாங்கள் வரவில்லை. அதனால் ஜெயித்தீர்கள்."

ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா எதுவும் ஆக்கிக்கு வரவில்லை. ஆடியவை ஆறே அணிகள். அதில் தான்சானியாவை 18-0 என்றும், கியூபாவை 13-0 என்றும் இந்தியா வென்றது. இதைச் சொல்லிச் சொல்லியே அவர் சிரிப்பாராம்.

இவருக்கு அதுதான் பொறுக்காது. மாஸ்கோவைத் தள்ளிவிட்டால், நம் கடைசித் தங்கம் 1964-க்குப் போய்விடும். இவர் பிறப்பதற்கு முன்பு! தன் ஆயுளில் இந்தியா ஒரு தங்கமும் வாங்கவில்லை என்று எப்படி ஒப்புக்கொள்வார்?

என்னைக் கேட்டால், தீர்ப்பு மணவாள நகர் பக்கம்தான். வந்தவன் ஆடினான், ஆடினவன் ஜெயித்தான். வராதவன் ஜெயித்திருப்பான் என்பதற்குச் சாட்சி ஏது?

புல்லின் மேல் பழி

"எங்களைக் கெடுத்தது செயற்கைத் தரை" என்று இவர் ஒருநாள் சொன்னார். நம் ஊர்ப் பெரியவர்களும் இதைத்தான் சொல்வார்கள்.

1976-ல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதல் தடவையாகச் செயற்கைத் தரையில் ஆக்கி நடந்தது. புல்தரையில் பந்து நின்று நின்று போகும். மட்டையில் வித்தை தெரிந்தவன் ராஜா. செயற்கைத் தரையிலோ பந்து பறக்கும். கூடவே ஓட மூச்சு வேண்டும். அந்தத் தரை போடப் பெரும் பணம் வேண்டும். பணக்கார நாடுகள் போட்டுக்கொண்டன. நம் பையன்கள் மண்ணில் பழகிவிட்டுப் போய் அந்தத் தரையில் வழுக்கினார்கள். அந்த ஆண்டு இந்தியாவுக்கு 7-வது இடம்.

கோஜ்ராக்காரர் விட்டாரா? "அதே தரையில் எங்களுக்கு வெண்கலம் கிடைத்ததே! அதற்கு அப்புறம் ஒரு தங்கம், மூன்று உலகக் கோப்பை வாங்கினோமே! நாங்கள் என்ன பணக்காரர்களா?"

இவரிடம் பதில் இல்லை. அன்று இரவு முழுவதும் யோசித்துவிட்டு, காலையில் பல் துலக்கும்போது, "1998-ல் ஆசியத் தங்கம் எங்களுக்கு!" என்றாராம். பாவம், அதுதான் கிடைத்தது!

பேச்சு முற்றினால் மேல்கட்டில்காரரிடம் ஒரு பிரம்மாஸ்திரம் உண்டு. "ஏழுக்கு ஒன்று" என்பார். அவ்வளவுதான். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டில், நம் சொந்த மண்ணில், இறுதிப்போட்டியில் பாகிஸ்தான் 7-1 என்று வென்றது. அதைக் கேட்டால் இவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

ஆனால் ஒரு வருஷத்தை மட்டும் இருவரும் தொடவே மாட்டார்கள். அது 1986. லண்டன் உலகக் கோப்பையில் மொத்தம் 12 அணிகள். ஒரு காலத்தில் ஆக்கியை ஆண்ட இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கே சந்தித்தன. எதற்கு? கடைசி இடம் யாருக்கு என்று முடிவு செய்ய! பாகிஸ்தானுக்கு 11-வது இடம், இந்தியாவுக்கு 12.

சுவரைப் பார்த்துப் படுத்தவர்

2010-ல் டெல்லியில் உலகக் கோப்பை. முதல் ஆட்டமே இந்தியா-பாகிஸ்தான். இந்தியா 4-1 என்று வென்றது. இவர் கேம்ப் முழுவதும் லட்டு கொடுத்தார். மேல்கட்டில்காரருக்கு இரண்டு! இரண்டு வாரம் விடாமல் சீண்டினார்.

அந்தப் போட்டியில் பாகிஸ்தான் கடைசி இடத்துக்குப் போய்விட்டது. நான்கு முறை கோப்பை வாங்கிய நாடு, 12-ல் 12-வது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டார்.

"அந்த லட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, சார்" என்றார் நம் வெல்டர்.

2012-ல் லண்டன் ஒலிம்பிக். இந்தியா ஆடிய 6 ஆட்டத்திலும் தோல்வி. 12-வது இடம். இவர் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தார். 'இன்றைக்கு நம்மை உரித்து எடுக்கப் போகிறான்' என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தார். மேல்கட்டில்காரர் இறங்கி வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. டீ போட்டு, டம்ளரை இவர் முன்னால் வைத்துவிட்டு ஏறிப் படுத்துக்கொண்டார்.

எழும்பூரில் ஒரு இரவு

2013-ல் இவர் ஊர் திரும்பினார். சண்டை போனில் தொடர்ந்தது. "என்னோடு பேசுவதைவிட அந்த அண்ணனோடு பேசுவதுதான் அதிகம்" என்று வீட்டுக்காரம்மாவுக்குக் குறை.

2021 ஆகஸ்டு 5. டோக்கியோவில் இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. ஒலிம்பிக் ஆக்கியில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பதக்கம்! முதல் போன் யாரிடம் இருந்து வந்திருக்கும்? அவரிடம் இருந்துதான். "முபாரக்" என்றார். உடனே, "தங்கம் இல்லையே!" என்றும் சேர்த்துக்கொண்டார்.

2023 ஆகஸ்டு 9. சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஆசியச் சாம்பியன் கோப்பை ஆட்டம். இந்தியா-பாகிஸ்தான்! இவர் திருவள்ளூரில் லோக்கல் ரெயில் ஏறிப் போய்விட்டார். அந்தத் தொடரில் ஆடிய இந்திய அணியில் அரியலூர்ப் பையன் கார்த்தி வேறு! இந்தியா 4-0 என்று வென்றது. கூட்டம் கூத்தாடியது.

இவர் கூப்பிடவில்லை. அவரே கூப்பிட்டார். "மைதானம் எப்படி இருக்கிறது, காட்டு" என்றார். இவர் செல்போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். நீலத் தரை, விளக்குகள், பச்சை உடையில் தலை குனிந்து போகும் பையன்கள். "அவர்களை இன்னும் கொஞ்சம் காட்டு" என்றாராம். 2016 முதல் 2024 வரை மூன்று ஒலிம்பிக்கிலும் பாகிஸ்தான் ஆக்கி அணிக்கு இடமே கிடைக்கவில்லை.

2024 ஆகஸ்டு 8. பாரீசில் இந்தியா ஸ்பெயினை 2-1 என்று வென்று மறுபடியும் வெண்கலம். மாலையில் இவர் போன் செய்து மார் தட்டினார். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டார்.

அன்று நள்ளிரவு தாண்டி இவருடைய போன் அடித்தது. வீடே விழித்துக்கொண்டது.

"பார்த்தாயா? பார்த்தாயா?" என்று மறுமுனையில் கத்தல். ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து தங்கம் வென்றிருந்தார். நம் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. 1984 ஆக்கித் தங்கத்துக்குப் பிறகு பாகிஸ்தானுக்கு வந்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது.

"40 வருஷம், பாய்! 40 வருஷம்!" என்று அழுதாராம்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"முபாரக் சொன்னேன், சார். ஆனால் ஈட்டி வேறு, ஆக்கி வேறு. கணக்கில் சேராது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதற்குத்தான் இன்றைக்கும் மாஸ்கோவை இழுக்கிறான்!"

செல்போன் மறுபடியும் அடித்தது. பெயரைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை நன்றாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.