விண்மீனின் நாடி

ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் அமைந்த சிற்றூர். அன்னாசியும் செம்பனையும் விளையும் இவ்வூரின் வானத்தை, 650 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு துணைக்கோள் சுற்றுதோறும் கடந்து செல்கிறது. 2015 செப்டம்பர் 28ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட் அது. விண்மீன்களின் நாடியைப் பார்ப்பது அதன் பணிகளுள் ஒன்று.

விண்மீனுக்கு நாடி உண்டோ? உண்டு. 1970 டிசம்பர் 12ஆம் நாள் கென்யா நாட்டுக் கடற்கரையை அடுத்து ஏவப்பட்ட உஹுரு என்னும் துணைக்கோள், சென்டாரஸ் எக்ஸ்-3 என்ற பொருளிலிருந்து வரும் எக்ஸ் கதிர்கள் 4.8 வினாடிக்கு ஒருமுறை துடிப்பதை 1971இல் கண்டது. இரண்டு நாளுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில், அத்துடிப்பு அரை நாளளவு மறைந்து மீண்டும் தோன்றிற்று. பெரியதொரு துணை விண்மீன் அதனை மறைக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

துடிப்பது நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட மிகுந்த பொருளை, ஏறத்தாழச் சிம்பாங் ரெங்கத்திற்கும் குளுவாங்குக்கும் இடைப்பட்ட தூரமே குறுக்களவாகக் கொண்ட உருண்டையில் அடைத்தது போன்றது அது. துணை விண்மீனிலிருந்து அது இழுக்கும் வாயு, அதன் காந்த முனைகளில் விழுந்து கோடிக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களை வீசுகிறது. காந்த அச்சும் சுழலும் அச்சும் ஒன்றாக இராமையால், கதிர் கலங்கரை விளக்கின் ஒளிபோலச் சுழன்று நம்மைத் தாக்குகிறது. அதுவே நாடி.

இத்தகைய பொருள் உண்டாவதற்குரிய வழியைத் திறந்தவர் ஒரு தமிழர். சென்னை மாநிலக் கல்லூரி மாணவரான சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்து சென்ற கப்பலிலேயே, வெண்குறளி விண்மீனின் நிறைக்கு ஓர் எல்லை உண்டெனக் கணக்கிட்டார். அது சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு. அதனை மீறிய உட்கரு சுருங்கியே தீரும். 1935இல் எடிங்டன் இதனை வெளிப்படையாக மறுத்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்ததோ 1983இல்!

இந்நாடியைத் தரையிலிருந்து பார்த்தல் இயலாது. என்னை? காற்று மண்டலம் எக்ஸ் கதிர்களை விழுங்கிவிடுகிறது. உயிர்களைக் காக்கும் அப்போர்வையே ஆராய்ச்சிக்குத் தடையாகிறது. ஆகவே கருவி மேலே செல்லவேண்டும். 1975 ஏப்ரல் 19ஆம் நாள் பறந்த ஆரியபட்டாவிலும் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. ஆயினும் மின்னாற்றல் கோளாறால் சில நாட்களிலேயே சோதனைகள் நின்றுபோயின. பின்னர் நாற்பது ஆண்டு கழித்தே, இதற்கெனத் தனித் துணைக்கோள் ஒன்றை இந்தியா பெற்றது.

அது நிலநடுக்கோட்டை ஒட்டி, ஆறு பாகைக்கு மேல் விலகாது செல்வதற்கும் காரணமுண்டு. பூமியின் காந்தத்தில் சிக்கிய மின்துகள்கள் தென் அட்லாண்டிக் மேல் செறிந்து கருவிகளைக் குழப்புகின்றன. இப்பாதை அச்செறிவின் பெரும் பகுதியைத் தவிர்க்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் அமைத்த மூன்று வாயு உணர்கலன்கள் கதிர்களை எண்ணி, ஒவ்வொன்றும் வந்த நேரத்தை வினாடியின் லட்சத்தில் ஒரு பங்கு நுட்பத்துடன் குறித்தன. வாயுக் கசிவால் 2018இல் ஒன்று நிறுத்தப்பட்டது. 2024 ஜனவரி 1ஆம் நாள் ஏவப்பட்ட எக்ஸ்போசாட்டில், பெங்களூர் இராமன் ஆராய்ச்சி நிலையத்தின் கருவி கதிர்களின் அதிர்வுத் திசையையும் அளக்கச் சென்றது.

இவ்வளவு உழைப்பும் எதற்கு? துணை விண்மீனைச் சுற்றும்போது நாடி முந்துவதையும் பிந்துவதையும் கொண்டு, அவ்விண்மீனை நிறுத்துவிடலாம். நிறை தெரிந்தால், அணுக்கருவைவிட நெருக்கமாக அழுந்திய பொருளின் இயல்பைப் பற்றிய கொள்கைகளுள் எவை பொய் எனக் கழிக்கலாம். அத்தகைய பொருளை எந்தச் சோதனைச் சாலையிலும் ஆக்கிவைத்துப் பார்க்க இயலாது. நோயாளியைத் தொடாது நாடி பார்ப்பதே இங்கு உள்ள ஒரே வழி.