எந்தச் சட்டை அரசியல் சட்டை?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 2010ஆம் ஆண்டுத் தேர்தல் நாளன்று, வாக்களிக்க வந்த ஒருவரைச் சாவடி ஊழியர் தடுத்து நிறுத்தினார். அவர் டி-ஷர்ட்டில் 'டீ பார்ட்டி' என்ற அரசியல் இயக்கத்தின் சின்னம். நெஞ்சில், வாக்காளரிடம் அடையாள அட்டை கேட்க வேண்டும் என்று வலியுறுத்தும் பேட்ஜ். கடைசியில் வாக்களிக்க விட்டார்கள், பெயரைக் குறித்துக்கொண்டு. அரசியல் பேட்ஜோ சின்னமோ அணிந்து சாவடிக்குள் வரக் கூடாது என்பது அங்கே நூறாண்டு கடந்த சட்டம்.

பேச்சுரிமையை உயிராக மதிக்கும் நாட்டில் இந்தத் தடை எப்படி வந்தது? 19ஆம் நூற்றாண்டில் அங்கே வாக்குச்சீட்டை அச்சிட்டவை கட்சிகள்தாம், அதுவும் பளிச்சென்ற வண்ணங்களில். யார் கையில் எந்தக் கட்சியின் சீட்டு என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். காசு கொடுத்தவன் கண்காணித்தான்; மிரட்டியவனும் கண்காணித்தான். 1888இல் மாசசூசெட்ஸ் ரகசிய வாக்கெடுப்புக்குச் சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் தொடர்ந்தன. சாவடியைச் சுற்றிப் பிரசாரமற்ற எல்லை வகுக்கும் வழக்கமும் உடன் வளர்ந்தது. டென்னசி மாநிலம் வகுத்த 100 அடி எல்லை செல்லும் என்று 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (இந்தியாவில் இந்த எல்லை 100 மீட்டர், 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 130.)

மினசோட்டாவின் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு 2018இல் அதே நீதிமன்றத்துக்கு வந்தபோது, எது 'அரசியல்' என்ற கேள்வியில் மாநில அரசு தடுமாறியது. ஆயுத உரிமை தரும் இரண்டாம் திருத்தத்தின் வாசகம் சட்டையில் இருந்தால்? தடை உண்டு என்றார் அரசு வழக்கறிஞர். பேச்சுரிமை தரும் முதல் திருத்தத்தின் வாசகம் இருந்தால்? தடை இல்லை என்றார். இரண்டுமே ஒரே அரசமைப்பின் வரிகள்!

அங்கேயே அந்தச் சட்டம் தோற்றுவிட்டது என்பேன். 7-2 என்ற பெரும்பான்மையில் அது ரத்தானது. ஆனால், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய தீர்ப்பு, சாவடிக்குள் கட்டுப்பாடே கூடாது என்று சொல்லவில்லை. வாக்களிக்கும் இடம் அமைதியாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தை அது ஏற்றது. எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும் என்றது. மாற்றுக் கருத்துச் சொன்ன இரு நீதிபதிகளோ, சட்டத்துக்குப் பொருள் சொல்லும் வாய்ப்பை முதலில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்துக்குத் தந்திருக்கலாம் என்றனர்.

பெரும்பான்மைத் தீர்ப்பே சரி. வேட்பாளர் பெயரையும் கட்சிச் சின்னத்தையும் வெளிப்படையாகக் குறிப்பிட்டுத் தடுக்கட்டும். சட்டையைப் பார்த்து அரசியலை ஊகிக்கும் அதிகாரம் எந்தச் சாவடி ஊழியருக்கும் வேண்டாம்.