இரண்டு வாக்கியம் ஒன்று ஆவது எப்படி?

"அண்ணன் ஒரு பஸ்சில் போனான். அந்த பஸ் பழுதாகி நின்று விட்டது."

இவை இரண்டு வாக்கியங்கள். ஒன்றாகச் சேர்க்கச் சொன்னால், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டி கூட உடனே சொல்லி விடுவாள்: "அண்ணன் போன பஸ் பழுதாகி நின்று விட்டது."

இதையே இங்கிலீஷில் சேர்த்து எழுதச் சொன்னால், ஆவடியிலும் அம்பத்தூரிலும் படிக்கும் பிள்ளைகள் பேனாவைக் கடித்துக் கொண்டு உட்கார்ந்து விடுகிறார்கள்.

பிள்ளைக்கு மூளை இல்லையா? அதெல்லாம் இல்லை. இரண்டு மொழிகளும் எதிர் எதிர்த் திசையில் நடக்கின்றன.

முன்னும் பின்னும்

தமிழில் விளக்கம் முன்னால் வரும். பெயர் பின்னால் வரும். "போன பஸ்" என்கிறோம். இந்தப் "போன" என்ற சொல்லுக்குப் பெயரெச்சம் என்று பெயர்.

இங்கிலீஷில் பஸ் முதலில் வந்து விடும். அது எந்த பஸ் என்ற விளக்கம் பிறகுதான் வரும். இரண்டையும் இணைக்க "ஹூ", "விச்", "தட்" போன்ற சொற்கள் வேண்டும்.

கால்டுவெல் பாதிரியார் 1856-ம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லி இருக்கிறார். ஜப்பான் மொழியிலும் தமிழைப் போல விளக்கம்தான் முன்னால் வரும்.

ஆளா? பொருளா?

"ஹூ" போடுவதா, "விச்" போடுவதா? இதில் தமிழ்ப் பிள்ளைக்குக் கஷ்டமே இல்லை. உயர்திணை, அஃறிணை படித்தவர்கள் அல்லவா! மனிதர் என்றால் "ஹூ". மற்றவை என்றால் "விச்".

ஆவடியில் 1955-ம் ஆண்டு நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தேபர். அவர் மனிதர். ஆகவே "தி மேன் ஹூ". அதே ஆவடியில் தயாரானது விஜயந்தா டாங்கி. ஆகவே "தி டாங்க் விச்".

இங்கிலீஷ் தெரியாத தாய்மாரும் பிள்ளைக்கு உதவலாம். "இரண்டு வாக்கியத்திலும் வருவது யார், எது? அது ஆளா, பொருளா?" என்று தமிழிலேயே கேட்டால் போதும். பாதி வேலை முடிந்து விடும்.

காணாமல் போகும் "இன்"

"பஸ்சில் போனான்" என்பது "போன பஸ்" ஆகும்போது, "இல்" மறைந்து விடுகிறது. தமிழில் அது குற்றம் இல்லை. கேட்பவருக்குப் புரிந்து விடும்.

அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் "தி பஸ் விச் மை பிரதர் வென்ட்" என்று எழுதி விடுகிறார்கள். மார்க்கு போய் விடுகிறது! "தி பஸ் இன் விச் மை பிரதர் வென்ட்" என்று எழுத வேண்டும். "இன்" என்பதை "வென்ட்" பக்கத்தில் கடைசியாகப் போட்டாலும் சரிதான். விட்டு விடக் கூடாது.

ஒரு நாள் சம்பளம்

பரீட்சை போனால் இந்தத் தொல்லையும் போயிற்று என்று நினைக்க வேண்டாம்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி வாசலில் இப்படி ஒரு நோட்டீசு ஒட்டி இருப்பதாக வைத்துக் கொள்வோம்: "தி வொர்க்கர்ஸ் ஹூ கேம் லேட் வில் லூஸ் எ டேஸ் பே."

தாமதமாக வந்தவர்களுக்கு மட்டும் ஒரு நாள் சம்பளம் வெட்டு என்று இதற்குப் பொருள்.

இதிலே "வொர்க்கர்ஸ்" என்பதற்குப் பிறகு ஒரு கமா, "லேட்" என்பதற்குப் பிறகு ஒரு கமா போட்டுப் பாருங்கள். தொழிலாளர்கள் எல்லோருமே தாமதமாக வந்தார்கள், எல்லோருக்கும் வெட்டு என்று ஆகி விடும்! சங்கு ஊதும் முன்பே வந்து நின்றவருக்கும் சம்பளம் கிடையாது.

இப்படிக் கமா போட்ட இடத்தில் "தட்" போடக் கூடாது. ஆளுக்கு "ஹூ", பொருளுக்கு "விச்" என்றே எழுத வேண்டும்.