கைக்கணினிக்கு எந்த சிம்?

துணைப்பாட ஆசிரியை நான். உட்லண்ட்சிலிருந்து தேக்காவுக்கு ரயிலில் வரும்போதே மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்திவிடுவேன். திறன்பேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பினால் மாலைக்குள் அதன் பேட்டரி காலி; அதனால் கைக்கணினிக்கெனத் தனி இணைப்பு தேவைப்பட்டது.

கைபேசித் திட்டத்துடனேயே கூடுதல் சிம் வாங்கி, ஒரே தரவைப் பங்கிட்டுக்கொள்வது எளிது. ஆனால், ஒரு கட்டமைப்பு படுத்தால் இரண்டு சாதனங்களும் சேர்ந்தே படுக்கும். நான் வேறு கட்டமைப்பைத்தான் தேடினேன். இங்கே பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது: கோமோ சிங்டெல்லுடையது, கிகா ஸ்டார்ஹப்புடையது. சிங்டெல் வாடிக்கையாளர் கோமோவையும் எடுத்தால் கட்டணம் குறையலாம், மாற்று வழி கிடைக்காது.

சிராங்கூன் சாலையில் முன்கட்டண சிம் வாங்கலாமே என்பார்கள். 2024ல் வந்த ஐபேட் ப்ரோவில் அட்டை நுழைக்க இடமே இல்லை, இ-சிம் மட்டும்தான். தவிர, 2014 முதல் ஒருவர் பெயரில் மூன்று முன்கட்டண சிம்களுக்கு மேல் பதிய முடியாது. ஊரிலிருந்து வரும் உறவினருக்கெல்லாம் உங்கள் பெயரில் வாங்கிக் கொடுத்திருந்தால், முதலில் அதை எண்ணிப் பாருங்கள்.

நான் ஒப்பந்தமில்லாத மாதத் திட்டம் ஒன்றை எடுத்தேன். பள்ளி விடுமுறையில் நிறுத்திக்கொள்ளலாம்.