மோதும் உருண்டைகளுக்குள் ஒரு சுழல்

ஒன்றையொன்று ஈர்க்காத உருண்டைகள் தாமாகவே படிகமாக அடுக்கிக்கொள்ளுமா? 1950களில் இயற்பியலாளர்களை இரண்டு அணியாகப் பிரித்த கேள்வி இது. அணுக்கள் ஒன்றையொன்று இழுப்பதால்தான் திரவம் உறைகிறது என்று நினைப்பது இயல்பு. கோலிக்குண்டுகளைப் போல முட்டி விலக மட்டுமே தெரிந்த துகள்கள் ஏன் வரிசை கட்டி நிற்க வேண்டும்? 1957இல் அமெரிக்காவில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் இயற்பியலாளர் ஜார்ஜ் உலன்பெக் இதை வாக்கெடுப்புக்கே விட்டார். அவை ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிந்தது.

அதே ஆண்டில் விடை சொன்னவர்களில் ஒருவர் பெர்னி ஆல்டர். 1925இல் ஜெர்மனியில் பிறந்தவர். நாஜிகள் ஆட்சிக்கு வந்த பிறகு குடும்பம் சுவிட்சர்லாந்துக்குப் போனது, பின்னர் அமெரிக்காவுக்கு. கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் அணு ஆயுதக் கணக்குகளுக்காக அன்றைய மிக வேகமான கணினிகள் இருந்தன. அவற்றில் ஆல்டரும் தாமஸ் வெயின்ரைட்டும் உருண்டைகளை ஓடவிட்டார்கள்.

முறை எளியது. மோதும்வரை ஒவ்வொரு துகளும் நேர்கோட்டில் போகும். அடுத்து எந்த இரண்டு, எப்போது மோதும் என்று கணக்கிட வேண்டும். அந்த நொடிக்குத் தாவி, புதிய திசைகளையும் வேகங்களையும் கண்டு, மறுபடியும் அடுத்த மோதலைத் தேட வேண்டும். இதுதான் மூலக்கூறு இயக்கவியல். அன்று அவர்களால் கையாள முடிந்தவை 32, 108 போன்ற சிறிய எண்ணிக்கைகளே. அவையே போதுமாக இருந்தன: நெருக்கம் கூடியதும் உருண்டைகள் உறைந்தன. ஒழுங்காக அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அசைய அதிக இடம் கிடைக்கிறது, காரணம் அவ்வளவுதான். பெட்டியின் கொள்ளளவில் ஏறக்குறைய 49 விழுக்காட்டை உருண்டைகள் நிரப்பும்போது படிகம் தோன்றத் தொடங்கும். 1986இல் பியூசி, வான் மெகன் என்ற ஆய்வாளர்கள் திரவத்தில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் உருண்டைகளில் இதைக் கண்ணால் காணும்படி நிறுவினார்கள்.

இந்தக் கணக்குகளுக்கான கணினி நிரல்களில் பலவற்றை எழுதிய மேரி ஆன் மான்சிக்கின் பெயர் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் வரவில்லை, நன்றியுரையில்தான் வந்தது. அவர் பெயரையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மானையும் விட்டுவிடக் கூடாது: 1964இல் 864 ஆர்கான் அணுக்களைக் கொண்டு, ஈர்ப்பும் உள்ள நிஜமான திரவத்துக்கு இம்முறையை விரித்தவர் அவர்.

உறைதலால்தான் ஆல்டர் பெயர் பெற்றார். ஆனால் 1967இலும் 1970இலும் அவரும் வெயின்ரைட்டும் வெளியிட்டதே அதைவிட ஆழமான கண்டுபிடிப்பு என்பேன். கூட்டத்துக்குள் ஓடும் ஒரு துகள், தான் முதலில் போன வேகத்தை எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும்? சில மோதல்களில் மறந்துவிடும் என்பது அன்றைய கோட்பாடு. மறதி மளமளவென்று வர வேண்டும். கணினி வேறு விதமாகச் சொன்னது. நினைவு மெல்ல மெல்லத்தான் தேய்ந்தது, நெடுநேரம் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஏன் என்று அவர்கள் சுற்றியிருந்த துகள்களைப் பார்த்தார்கள். ஓடும் துகள் முன்னால் இருப்பவற்றைத் தள்ளுகிறது. அவை பக்கவாட்டில் விலகி, வளைந்து பின்புறம் வந்து, அதே துகளை முன்னோக்கி உந்துகின்றன. ஆற்று நீரில் நாம் காணும் சுழல்தான் அது, வெறும் சில நூறு உருண்டைகளுக்குள்! கோடானுகோடி மூலக்கூறுகளைச் சராசரியாக்கி எழுதிய பாய்ம இயக்கவியல் சமன்பாடுகள் ஒற்றைத் துகளின் அக்கம்பக்கத்திலேயே உயிரோடிருந்தன. இரு பரிமாணத் தளத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே நினைவு அவ்வளவு மெதுவாகத் தேய்வதால், துகள் பரவும் வேகத்தைக் குறிக்கும் பரவல் குணகம் ஒரு நிலையான எண்ணில் வந்து நிற்பதே இல்லை.

துகள்களுக்கும் பாய்மத்துக்கும் இடையிலான இந்த எல்லைக்கோட்டை விட்டு ஆல்டர் நகரவில்லை. 1994இல், எழுபதை நெருங்கும் வயதில், அலெக்சாண்டர், கார்சியா ஆகியோருடன் கணினியின் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டார். சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் இடையே இருப்பது நானோமீட்டர்களில் அளக்கும் காற்றுப் படலம். காற்று மூலக்கூறு ஒரு மோதலிலிருந்து அடுத்த மோதல்வரை சராசரியாக 65 நானோமீட்டர் போகும். இடைவெளியே அந்த அளவுக்கு ஒடுங்கிவிட்டால் காற்றை ஒரு பாய்மம் என்று சொல்ல முடியுமா? துகள்களை ஓடவிட்டுக் கணக்கிட்ட அழுத்தத்தைப் காற்றைப் பாய்மமாகவே கருதும் பழைய ரேனால்ட்ஸ் சமன்பாட்டோடு ஒப்பிட்டார்கள். சுவரை ஒட்டிய காற்று வழுக்குவதற்கான திருத்தத்தைச் சேர்த்தபோது, பெரும்பாலான நிலைகளில் இரண்டும் வியக்கும்படி ஒத்துப்போயின.