செஞ்சி வெயிலும் சிக்கன் சமோசாவும்

இன்னைக்கு எபிசோட் சமையல் பத்தி. கோட் எழுதறவனுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. ஒரு பார்ட்டியில நான் கிட்டத்தட்ட மானம் போயிருக்க வேண்டியவன். எது தப்பாச்சு, எதனால சரியாச்சுன்னு சொல்றேன். உங்க வீட்டு விசேஷத்துக்கு உதவும்.

போன மே மாசம் அப்பா ரிடையர் ஆனார். விருந்து சீயமங்கலத்துல, எங்க ஆயா வீட்டுல. செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்துல இருக்கு. மகேந்திரவர்மப் பல்லவன் குடைஞ்ச குகைக் கோயில் இருக்கிற ஊர். மொத்தம் 25 பேர். பிரியாணிக்கு ஆள் சொல்லியாச்சு. வந்தவுடனே கையில குடுக்கிற ஐட்டம் மட்டும் என் பொறுப்புன்னு நானே வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன்.

என் பிளான் காரசாரமான சிக்கன் பஃப்ஸ். வெண்ணெய் போட்ட பஃப் ஷீட்டைச் சென்னையில வாங்கி, தெர்மாகோல் பெட்டியில ஐஸ் போட்டு, திண்டிவனம் வழியா பஸ்ல கொண்டுபோனேன். முந்தின நாளே ஒரு ட்ரையல். ஷீட்டை வெட்டி, கறி வைச்சு மடிக்கறதுக்குள்ள அது கையில ஒட்ட ஆரம்பிச்சுது. சின்ன அவன்ல வைச்சா, வெண்ணெய் மொத்தமும் தட்டுல ஓடிடுச்சு. வந்தது பஃப்ஸ் இல்ல, எண்ணெய் குடிச்ச பிஸ்கட். ஆயா பார்த்துட்டு, "ஏன்டா, இந்த வெயில்ல வெண்ணெயை வைச்சுக்கிட்டு மல்லுக்கட்டற?"ன்னு கேட்டாங்க.

பதில் அந்தக் கேள்வியிலேயே இருக்கு. பஃப் ஷீட்ல மாவு ஒரு அடுக்கு, வெண்ணெய் ஒரு அடுக்குன்னு மாத்தி மாத்தி இருக்கும். சூடான அவன்ல மாவுல இருக்கிற தண்ணி ஆவியாகி ஒவ்வொரு அடுக்கையும் தூக்கும். அது நடக்க, அவனுக்குள்ள போற வரைக்கும் வெண்ணெய் கெட்டியா இருக்கணும். வெண்ணெய் 32லிருந்து 35 டிகிரிக்குள்ள உருகிடும். மே மாசம் எங்க ஊர் சமையலறை அதைவிடச் சூடு. அடுக்குகள் உள்ளே போகும் முன்னாடியே ஒண்ணோட ஒண்ணு சேர்ந்துடுச்சு. அப்போ டீக்கடை பஃப்ஸ் எப்படி வருது? நிறைய பேக்கரியில வெண்ணெய்க்குப் பதிலா, அதிக சூட்டுல உருகற பேக்கரி மார்ஜரின் போடறாங்க.

அன்னைக்கு ராத்திரி அப்பாவோட பழைய ஃப்ரெண்ட் வீட்டுக்கு போன் போட்டேன். செஞ்சியில இருக்காங்க. ஒவ்வொரு நோன்புக்கும் அந்த வீட்டுல கறி சமோசா உண்டு. அந்த அம்மா சொன்னது ரெண்டே விஷயம்: "தம்பி, கறியில சொட்டுத் தண்ணி இருக்கக் கூடாது. சூடா இருக்கும்போது மடிக்காத."

சமோசாவுக்கு வெண்ணெய் அடுக்கே தேவையில்ல. மாவு, தண்ணி, மெல்லிசா தேய்க்கற கை, அவ்வளவுதான். 14ஆம் நூற்றாண்டுல இபின் பதூதா டெல்லியில முகமது பின் துக்ளக் அரண்மனை விருந்துல சாப்பிட்டதை எழுதியிருக்கார்: கொத்தின கறி, பாதாம், பிஸ்தா, வெங்காயம், மசாலா எல்லாம் வைச்சு, மெல்லிய ரொட்டியில மடிச்சு, நெய்யில பொரிச்சது. அதுல மிளகாய் இருந்திருக்க முடியாது. மிளகாய் போர்ச்சுகீசியர் வந்தப்புறம்தான், அதாவது 1498க்கு அப்புறம்தான் இந்தியாவுக்கு வந்துச்சு.

இப்போ செய்முறை. 50 சமோசாவுக்கு 1 கிலோ எலும்பில்லாத கோழி, கடையிலேயே பொடியா கொத்தி வாங்கிக்குங்க. வெங்காயம் முக்கால் கிலோ, பச்சை மிளகாய் 10, இஞ்சி பூண்டு விழுது 2 டேபிள்ஸ்பூன், மிளகாய்த்தூள் 2 டீஸ்பூன், மிளகுத்தூள் 2 டீஸ்பூன், சோம்புத்தூள் 1 டீஸ்பூன், கரம் மசாலா 1 டீஸ்பூன், கொஞ்சம் மஞ்சள்தூள், கறிவேப்பிலை, கொத்தமல்லி.

வெங்காயத்துல கிட்டத்தட்ட 90 சதவீதம் தண்ணி. முக்கால் கிலோ வெங்காயம்னா அரை லிட்டருக்கு மேல தண்ணி. அது உள்ளேயே இருந்தா, மடிச்சப்புறம் ஷீட்டை ஊற வைக்கும். எண்ணெயில போட்டா ஆவியாகி ஷீட்டைக் கிழிச்சுட்டு வெளியே வரும். அதனால வெங்காயத்தை நல்லா சுருள வதக்கி, மசாலா, கறி சேர்த்து, மூடாமக் கிளறுங்க. கறியை ஒரு பக்கமா ஒதுக்கிப் பாருங்க. காலி இடத்துக்குத் தண்ணி ஓடி வந்தா இன்னும் ஆகல.

உப்பும் காரமும் வெறுமனே ருசி பார்க்கும்போது ஒரு பிடி தூக்கலா இருக்கட்டும். வெளியே இருக்கிற மாவு அதைக் குறைச்சுடும். ஆனா மிளகாயை ஓவரா ஏத்தாதீங்க. நாக்குல சூட்டை உணர்ற அதே ரிசப்டரைத்தான் மிளகாயில இருக்கிற கேப்சைசினும் தூண்டுது. ஆறின கறியில தெரியற காரம், சுடச்சுட சமோசாவுல இன்னும் ஏறும்.

ஷீட்டுக்கு அரைக் கிலோ மைதா, உப்பு, 2 ஸ்பூன் எண்ணெய், கால் லிட்டர் தண்ணி. பிசைஞ்சு அரை மணி நேரம் மூடி வையுங்க. 20 உருண்டை பிடிச்சு, பூரி அளவுக்குத் தேய்ச்சு, மேல எண்ணெய் தடவி மைதா தூவி, நாலு நாலா அடுக்குங்க. அந்த அடுக்கைச் சேர்த்துப் பெரிய சப்பாத்தி அளவுக்குத் தேய்ச்சு, தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் அரை நிமிஷம் மட்டும் காட்டிட்டு, சூட்டோட பிரிச்சுடுங்க. ஒவ்வொண்ணையும் மூணு பட்டையா வெட்டி, ஈரத்துணியால மூடி வையுங்க. கல்லுல காட்டும்போதே பாதி ஈரம் போயிடறதால பொரிக்கும்போது பெரிய கொப்புளம் வராது.

மடிக்கறது கடலைப் பொட்டலம் மாதிரி. பட்டையோட ஒரு முனையைக் கூம்பாக்கி, ஒரு ஸ்பூன் கறி வைச்சு, மிச்சத்தைச் சுத்தி, மைதா பசையால ஒட்டணும். மூணு மூலையிலும் ஓட்டை இருக்கான்னு பாருங்க.

விருந்து அன்னைக்குக் காலையில 11 மணிக்குக் கரண்ட் போச்சு. ஃபிரிட்ஜ் இல்ல. இதுலதான் நான் நிஜமாவே பயந்தேன். சமைச்ச கறியில 5லிருந்து 60 டிகிரிக்குள்ள கிருமி வேகமாப் பெருகும். வெளியே 2 மணி நேரம்தான் வைக்கலாம், வெயில் 32 டிகிரியைத் தாண்டினா 1 மணி நேரம்தான். வரப்போறவங்கள்ல சின்னக் குழந்தைகள், எண்பது வயசுக்காரங்க எல்லாம் இருக்காங்க. பஃப் ஷீட் கொண்டுவந்த அதே தெர்மாகோல் பெட்டிதான் காப்பாத்துச்சு. தேசூர் போய் ஐஸ் வாங்கி வந்தேன். 3 மணிக்குக் கறி ரெடி. அகலமான தட்டுல மெல்லிசாப் பரப்பி அரை மணி நேரத்துல ஆற வைச்சு, டப்பாவுல மூடி ஐஸுக்குள்ள வைச்சாச்சு. 5 மணிக்கு மேல கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மடிச்சோம். மடிச்சது மறுபடியும் பெட்டிக்குள்ள.

பொரிக்கும்போது மிதமான தீ, 160லிருந்து 170 டிகிரி. ஒரு துண்டு ஷீட்டைப் போட்டா, அடியில போய் நிதானமா மேல வரணும். ஒரு ஈடுக்கு ஆறு, ஏழுதான். மொத்தமாப் போட்டா எண்ணெய் ஆறிடும். வேகும்போது ஆவி வெளியே தள்ளறதால எண்ணெய் அதிகமா உள்ளே போகாது. எடுத்து ஆற ஆரம்பிக்கும்போதுதான் மேல ஒட்டின எண்ணெயை உறிஞ்சும். அதனால எடுத்தவுடனே சல்லடையில செங்குத்தா நிறுத்தி வடிய விடுங்க.

மொத்தம் 52 மடிச்சோம். 5 வெடிச்சுது. அஞ்சுமே நான் மடிச்சது, மூலை சரியா ஒட்டல. அத்தை மடிச்சதுல ஒண்ணுகூடப் போகல. காரம் ஆகாதுன்னு ஆயாவுக்கு முதல்ல குடுக்கவே இல்ல. அவங்களே தட்டை இழுத்து ரெண்டு எடுத்துக்கிட்டாங்க. அப்பா மூணு சாப்பிட்டுட்டு, பிரியாணி கொஞ்சமா வைன்னு சொன்னார்.

நீங்க பண்ணிப் பார்த்தா எத்தனை வெடிச்சுதுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.